துண்டு விழுகிறதாம்! யார் தோளிலிருந்து?

பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள். ரேடியோவில் சொல்கிறார்கள், டெலிவிஷனில் சொல்கிறார்கள். முதலாளிப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, ஏதோ வீட்டில் இழவு விழுந்ததுபோல எழுதுகின்றன. கீழத்தஞ்சைப் பக்கம் விவசாயத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் இந்தத் துண்டு விஷயத்தை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நடவு வேலை முடித்து வந்த களைப்பில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். என் விளக்கமும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. அப்போது ஒரு பெரியவர் எழுந்து, "ஏன் தோழரே, துண்டு விழுது துண்டு விழுதுங்கிறீங்களே, அது யாரு தோள்ல கெடந்த துண்டு?" என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரியவருடைய தகப்பனார் காலத்தில் பண்ணையார் எதிரே தோளில் துண்டு கிடக்கக் கூடாது. எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். துண்டு விழுவது என்றால் என்ன என்று அவருக்கு நிதி மந்திரி சொல்லித் தர வேண்டியதில்லை. பட்ஜெட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டார். அதற்குப் பதில் எழுதுகிறேன்.

2025-26-க்கு மத்திய சர்க்கார் போட்ட கணக்கை எடுத்துக்கொள்வோம். செலவு 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். கடன் வாங்காமல் வரக்கூடிய வரவு ஏறக்குறைய 35 லட்சம் கோடி. நடுவில் நிற்பது 15 லட்சத்து 69 ஆயிரம் கோடி. இதுதான் துண்டு. இதைக் கடன் வாங்கி அடைக்கிறார்கள். அதே பட்ஜெட்டில் பழைய கடனுக்கு வட்டி என்று எழுதியிருக்கும் தொகை 12 லட்சத்து 76 ஆயிரம் கோடி. சர்க்கார் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயிலும் கால் ரூபாய் வட்டிக்கே போகிறது. பள்ளிக்கூடத்துக்கல்ல, ஆஸ்பத்திரிக்கல்ல, ரேஷன் அரிசிக்கல்ல, வட்டிக்கு.

துண்டு ஏன் விழுகிறது என்று கேட்டால் முதலாளிகளின் பண்டிதர்கள் தயாராகப் பதில் வைத்திருக்கிறார்கள். ஏழைகளுக்கு இலவசம் கொடுக்கிறார்கள், மானியம் கொடுக்கிறார்கள், அதனால் விழுகிறது என்பார்கள். செலவுப் பக்கத்தையே விரலால் காட்டிக்கொண்டிருப்பார்கள். வரவுப் பக்கத்தைப் புரட்டிக் காட்டச் சொன்னால் விரல் மடங்கிவிடும். வரவில் வர வேண்டியது வந்ததா? கட்ட வேண்டியவன் கட்டினானா? வருமான வரி என்ற வரிசையில் யார் நிற்கிறான், யார் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்?

"வருமான வரி நமக்கு ஏது? அது பணக்காரன் சமாசாரம்" என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். மில்லில் சாதாக் கூலி வாங்குகிறவனும், களை எடுக்கிற பெண்ணும் வருமான வரி கட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் பணக்காரன் கட்டாத வரி காற்றில் கரைந்து போவதில்லை. அது வேறு உருவெடுத்து நம் வீட்டுக்கே வருகிறது.

களத்து மேட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அறுவடை முடிந்து கூலி அளக்கிறார்கள். மரக்காலைத் தலை வழித்து, ஒரு குலுக்கல் குறைத்து, கலத்துக்கு இரண்டு படி பண்ணையிலேயே நின்றுவிடுகிறது. ஐப்பசியில் மழை பிடித்து அடுப்பு அணைந்து கிடக்கும்போது அதே பண்ணைதான் பெரிய மனசு பண்ணி நெல் கடன் கொடுக்கிறது. தையில் ஒன்றுக்கு ஒன்றரையாக அளந்துவிட வேண்டும். அந்த நெல் யாருடையது? கூலியாக நம் கைக்கு வந்திருக்க வேண்டிய நெல், கடனாக வருகிறது. திருடியவனுக்கு வட்டியும் கிடைக்கிறது, தர்மவான் என்ற பெயரும் கிடைக்கிறது.

பட்ஜெட் துண்டின் ரகசியமும் இதுவேதான். கோடீஸ்வரன் ஒரு கோடி ரூபாய் வரி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிவிட்டால் பணம் போய்விட்டது. திரும்பி வராது, வட்டி கிடையாது. கட்டாமல் மறைத்துவிட்டால்? சர்க்கார் பெட்டியில் ஒரு கோடி துண்டு விழும். துண்டை அடைக்கச் சர்க்கார் கடன் பத்திரம் விற்கும். அவன் அந்த ஒரு கோடியைப் பாங்கில் போட்டோ, பண்டில் போட்டோ, அந்த வழியாக அந்தப் பத்திரத்தையே வாங்கலாம். சர்க்காருக்கு அதே ஒரு கோடிதான் வந்து சேருகிறது. ஆனால் இப்போது ஆண்டுதோறும் வட்டி தர வேண்டும், தவணை முடிந்ததும் முதலையும் தர வேண்டும். நேற்று வரி ஏய்த்தவன் இன்று தேசத்துக்குக் கடன் கொடுத்த முதலீட்டாளன். வட்டியை யார் கட்டுகிறார்கள்? தீப்பெட்டி வாங்குகிறவனும் சோப்பு வாங்குகிறவளும்.

துண்டிலே பிறந்த வரி

வருமான வரியே பட்ஜெட் துண்டில் பிறந்த குழந்தைதான். 1857-ல் வட இந்தியாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரன் ஏராளமாகச் செலவழித்தான். கஜானாவில் பெரிய ஓட்டை விழுந்தது. அதை அடைக்க லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை நிதி அதிகாரியாக அனுப்பினார்கள். அவர்தான் 1860-ல் இந்தியாவின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தவர். அப்போது சென்னை மாகாணக் கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன், புதுவரி கூடாது, ராணுவச் செலவைக் குறையுங்கள் என்று பகிரங்கமாக எதிர்த்தார். அதற்காக அவரைச் சீமைக்கே திருப்பி அழைத்துவிட்டார்கள். வில்சனும் அதே வருஷம் கல்கத்தாவில் இறந்துபோனார். வரி 1865-ல் முடிந்தது. பிறகு வந்து, போய், 1886-ல் நிலைத்தது. 1886 சட்டத்தில் விவசாய வருமானத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஜமீன்தாருக்கும் மிராசுதாருக்கும் அன்று திறந்த கதவு அது. இன்று நகரத்துப் பணக்காரனும் அதில் நுழைகிறான். வயலில் கால் வைக்காதவன் வருமானத்தை விவசாய வருமானம் என்று எழுதிவிடுகிறான். மத்தியத் தணிக்கைத் தலைவர் 2019-ல் கொடுத்த அறிக்கையில், சோதித்துப் பார்த்த கேஸ்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் சரியான பரிசீலனை இல்லாமலே இந்த விலக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 1956-ல் தொடங்கியது. பொதுத்துறைச் செலவு 4,800 கோடி. அதில் 1,200 கோடிக்குப் பற்றாக்குறை நிதி, அதாவது நோட்டு அடித்துச் சமாளிப்பது என்று திட்டத்திலேயே எழுதினார்கள். அதே ஆண்டில் நேரு சர்க்கார் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து நிக்கலஸ் கால்டார் என்ற பொருளாதார நிபுணரை அழைத்து வரிகளை ஆராயச் சொன்னது. அவர் கம்யூனிஸ்டு அல்ல; பின்னாளில் பிரபுப் பட்டம் வாங்கியவர். அவர் கணக்குப் பார்த்து, இந்தியாவில் வருமான வரி ஏய்ப்பால் ஆண்டுக்கு 200 கோடி முதல் 300 கோடி வரை நஷ்டம் என்றார்.

ஐந்தால் பெருக்குங்கள். 1,000 கோடி முதல் 1,500 கோடி. திட்டத்தில் விழுந்த துண்டு 1,200 கோடி! ஏய்த்த வரியும் விழுந்த துண்டும் ஒரே அளவு. கால்டார் மிகைப்படுத்திவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. சரி, பாதிதான் என்றே வையுங்கள். பாதித் துண்டு அங்கேயே அடைபட்டிருக்குமே.

கால்டார் மருந்தும் எழுதிக் கொடுத்தார். அந்த மருந்தின் சூட்சுமம் நம்மவர்க்குத் தெரிய வேண்டும். வருமானத்துக்கு மட்டும் வரி போட்டால் பணக்காரன் வருமானத்தை மறைப்பான். ஆகவே சொத்துக்கும் வரி, ஆடம்பரச் செலவுக்கும் வரி, தானமாக எழுதிக் கொடுப்பதற்கும் வரி, சொத்து விற்ற லாபத்துக்கும் வரி. எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குத் தாள். வருமானம் இல்லை என்று எழுதினவன் வீட்டில் சொத்து ஏறினால் அங்கே பிடிபடுவான். சொத்தை மருமகன் பேருக்கு எழுதினால் தான வரியில் பிடிபடுவான். எதிலும் காட்டாமல் தின்று தீர்த்தால் செலவு வரியில் பிடிபடுவான். நாலு பக்கமும் வேலி.

வேலியை ஒரு பக்கம் கட்டிக்கொண்டே மறுபக்கம் பிடுங்கினார்கள். சொத்து வரியும் செலவு வரியும் 1957-ல் வந்தன, தான வரி 1958-ல். செலவு வரியை 1962-ல் எடுத்தார்கள், 1964-ல் கொண்டுவந்தார்கள், 1966-ல் மறுபடி எடுத்தார்கள். செத்தவர் சொத்துக்கு 1953 முதல் இருந்த வாரிசு வரி 1985-ல் போயிற்று. தான வரி 1998-ல் போயிற்று. சொத்து வரியை 2015 பட்ஜெட்டில் ஒழித்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, வசூல் 1,008 கோடிதான், பிரயோஜனமில்லை என்றார்கள். பிள்ளைக்குச் சோறு போடாமல் வைத்திருந்து, இளைத்துப் போயிற்று என்று குழி தோண்டிய கதை.

ஆனால் 1957 பட்ஜெட்டில் அதே கையோடு செய்த இன்னொரு காரியம் நிலைத்துவிட்டது. வருமான வரி விலக்கின் வரம்பை 4,200 ரூபாயிலிருந்து 3,000-க்கு இறக்கினார்கள். குமாஸ்தா சிக்கினான். சர்க்கரைக்கும் தேயிலைக்கும் கலால் வரியை ஏற்றினார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவனெல்லாம் சிக்கினான்.

மதுரையும் புதுக்கோட்டையும்

வரி ஏய்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளச் சுவிட்சர்லாந்து வரை போக வேண்டாம். மதுரையிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினால் போதும். சட்டப் புத்தகங்களில் அச்சாகியிருக்கிற வழக்குகளைச் சொல்கிறேன். மில் தொழிலாளர்கள் கேளுங்கள்.

யுத்த காலத்தில் நூலுக்கும் துணிக்கும் வந்த கிராக்கி பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மதுரை மீனாட்சி மில் தன் நூலைச் சில இடைப்பட்ட வியாபாரிகளுக்கு விற்றதாகக் கணக்கு எழுதியது. லாபம் அந்த இடைப்பட்ட கைகளுக்குப் போனதாகக் காட்டியது. அந்த இடைக்கைகள் வெறும் பொம்மைகள், விற்பனை வெறும் போலி, லாபம் மில்லினுடையதே என்று வருமான வரித் தீர்ப்பாயம் கண்டது. 1956 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த முடிவில் தலையிட மறுத்து அப்பீலைத் தள்ளியது.

இன்னொரு வழக்கு இதைவிட ருசியானது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவின் வருமான வரிச் சட்டம் அங்கே செல்லாது. ஒரே பாங்கு, ஒரு கிளை மதுரையில், ஒரு கிளை புதுக்கோட்டையில். பணத்தைப் புதுக்கோட்டைக் கிளையில் டிபாசிட் போடுவது. அதை ஈடு காட்டி மதுரைக் கிளையில் கடன் வாங்குவது. பணம் மதுரையில் மில்லுக்கு வேலை செய்யும். டிபாசிட்டுக்கு வட்டி மட்டும் சமஸ்தானத்தில் பத்திரமாகக் குட்டி போடும். தன் பணத்தையே தான் கடன் வாங்கிய கதை! இது ஒரே ஏற்பாட்டின் இரண்டு பாதிகள், போர்வையை விலக்கிப் பார்க்கத்தான் வேண்டும் என்று 1966-ல் சுப்ரீம் கோர்ட்டு வரி இலாகாவுக்குச் சாதகமாகச் சொன்னது. எப்போது? புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-ல் சென்னை மாகாணத்தோடு இணைந்து பதினெட்டு வருஷம் கழித்து.

நடுவில் 1954-ல் ஒரு தீர்ப்பு உண்டு. யுத்த லாபத்தை மறைத்தவர்களை விசாரிக்க 1947-ல் ஒரு விசேஷக் கமிஷன் போட்டார்கள். எங்களை மட்டும் தனிச் சட்டத்தில், அப்பீல் வசதி குறைந்த முறையில் விசாரிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று அதே மில் வழக்குப் போட்டது. அரசியல் சட்டத்தின் 14-வது ஷரத்தின்படி அது சரிதான் என்று தீர்ப்பானது. சட்ட நியாயம் அதில் இருக்கலாம், நான் வக்கீல் அல்ல. ஒன்று மட்டும் தெரியும். மில் வாசலில் நின்று சம வேலைக்குச் சம கூலி என்று கேட்டபோதெல்லாம் 14-வது ஷரத்து வருவதற்கு முன் 144 வந்துவிட்டது.

புதுக்கோட்டை இணைந்துவிட்டது, புதுக்கோட்டைகள் தீரவில்லை. பின்னால் மொரீஷியஸ் தீவு வந்தது. 1983 முதல் நடைமுறைக்கு வந்த வரி ஒப்பந்தத்தைக் கொண்டு, அங்கே பெயர்ப் பலகை மாட்டிய கம்பெனிகள் இந்தியாவில் பங்கு விற்ற லாபத்துக்கு வரியில்லாமல் போய்வந்தன. 2016-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி 2017 முதல்தான் அதற்கு வரி என்றாயிற்று. அதே 2016-ல் பனாமா காகிதங்கள் வெளியாகி, சுமார் 500 இந்தியர்களின் பெயர்கள் அடிபட்டன. வாய்க்கால் மாறுகிறது, தண்ணீர் பாயும் வயல் ஒன்றுதான்.

திருடனிடம் கடன்

மறைத்த பணத்தைச் சர்க்கார் எப்படி நடத்துகிறது? 1981-ல் நடந்ததைச் சொன்னால் போதும். அப்போது நிதி மந்திரி ஆர். வெங்கட்டராமன், நம் தஞ்சை ஜில்லாக்காரர், தொழிலாளர் சட்டத்தில் கைதேர்ந்தவர். பட்ஜெட்டில் துண்டு, நாட்டில் கறுப்புப் பணம். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு விசேஷப் பத்திரம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். 10,000 ரூபாய் கொடுத்து வாங்கினால் பத்து வருஷம் கழித்து 12,000. பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பத்திரத்தில் பெயர் கிடையாது, கையில் வைத்திருப்பவன்தான் சொந்தக்காரன். கூடுதலாக வரும் 2,000-க்கும் வரி கிடையாது!

யோசித்துப் பாருங்கள். அந்தப் பத்தாயிரத்தில் பெரும் பங்கு வரியாகச் சர்க்காருக்கு ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டியது. அதையே கடனாக வாங்கி, மேலே இரண்டாயிரமும் கொடுத்து, கேள்வி கேட்க மாட்டோம் என்று சட்டமும் போட்டுக் கொடுத்தார்கள். களத்து மேட்டு நெல்லை நான் சும்மா சொல்லவில்லை. இது நேர்மையாக வரி கட்டியவனுக்கு அநீதி என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐந்து நீதிபதிகளில் நால்வர் சட்டம் செல்லும் என்றார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார்.

1997-ல் தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளும் திட்டம் ஒன்று வந்தது. தனி ஆட்கள் 30 சதவீதம் கட்டினால் அபராதமில்லை, வட்டியில்லை, வழக்கில்லை. ஒளித்து வைத்த நகைக்கு 1987 விலையில் மதிப்புப் போட்டால் போதும். பத்து வருஷம் மறைத்தவனுக்குப் பழைய விலை! காலத்தில் கட்டியவன் முட்டாள் என்று சர்க்காரே தண்டோராப் போட்டது. சுமார் 9,700 கோடி வரி வந்ததாகப் பெருமைப்பட்டார்கள். அடுத்த மன்னிப்பு எப்போது வரும் என்று காத்திருக்கக் கற்றுக்கொடுத்ததற்கு விலை என்ன என்று அந்தக் கணக்கில் இல்லை.

இங்கே பண்டிதர் குறுக்கே வருவார். வரி விகிதம் அதிகம், அதனால்தான் ஏய்க்கிறார்கள், விகிதத்தைக் குறைத்தால் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்பார். இந்த வாதத்தைச் சும்மா தள்ளக்கூடாது. 1970-களின் தொடக்கத்தில் உச்ச வருமானத்தின் கடைசி ரூபாய்க்கு 97 பைசாவுக்கு மேல் வரி என்று சட்டத்தில் இருந்தது மெய். ஏய்ப்பை ஆராய்ந்த வாஞ்சு கமிட்டியும் 1971-ல் விகிதத்தைக் குறைக்கத்தான் சொன்னது. 1968-69-ல் மட்டும் 1,400 கோடி வருமானம் மறைக்கப்பட்டது, 470 கோடி வரி போயிற்று என்று அதுதான் கணக்கும் கொடுத்தது. சரி, குறைத்தார்களா? குறைத்தார்கள். படிப்படியாக இறக்கி, 1997 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் உச்ச விகிதத்தை 30 ஆக்கினார். முதலாளிகள் அதைக் கனவு பட்ஜெட் என்று கொண்டாடினார்கள்.

பதினாறு வருஷம் போயிற்று. 2013 பிப்ரவரியில் அதே சிதம்பரம் அதே நிதி மந்திரி நாற்காலியிலிருந்து பார்லிமெண்டில் ஒரு கணக்குச் சொன்னார். இந்தத் தேசத்தில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வரி விதிக்கத்தக்க வருமானம் உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள் 42,800 பேர்! கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் பங்களாக்களை எண்ணிப் பார்த்தவர்கள் இதைக் கேட்டு என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

2017-ல் அருண் ஜேட்லி சொன்ன கணக்கு இன்னும் தெளிவு. 5 லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டிய தனி ஆட்கள் 76 லட்சம். அதில் 56 லட்சம் பேர் மாதச் சம்பளக்காரர்கள். மீதியுள்ள வியாபாரி, டாக்டர், வக்கீல், காண்டிராக்டர், வட்டிக்கடைக்காரர், வீட்டு வாடகைக்காரர் எல்லாம் சேர்ந்து 20 லட்சம். ஐந்து வருஷத்தில் விற்ற கார் மட்டும் 1 கோடியே 25 லட்சம் என்று அவரே அடுத்த மூச்சில் சொன்னார். பதிவான கம்பெனிகள் 13 லட்சத்து 94 ஆயிரம்; கணக்குத் தாக்கல் செய்தவை 5 லட்சத்து 97 ஆயிரம்; அவற்றிலும் 2 லட்சத்து 76 ஆயிரம் கம்பெனிகள் நஷ்டம் அல்லது பூஜ்யம். நஷ்டத்திலேயே இத்தனை பேர் கார் ஓட்டுகிற தேசம் வேறெங்கும் உண்டா?

விகிதம் குறைந்தபின் வரி வசூல் தொகை ஏறியது பொய்யல்ல. யாரிடம் ஏறியது என்பதே கேள்வி. ஆசிரியரும் பாங்கு ஊழியரும் ரயில்வேக்காரரும் நல்லவர்கள் என்பதால் மட்டும் கட்டவில்லை. சம்பளம் கைக்கு வருமுன்னே பிடித்துக்கொள்கிறார்கள்; ஏய்க்க இடமேயில்லை. கணக்கைத் தானே எழுதிக்கொள்பவனுக்கு விகிதம் 97 ஆனாலும் 30 ஆனாலும் ஒன்றுதான். பூஜ்யம்தான் அவனுக்குப் பிடித்த விகிதம்.

சட்டத்தையே தைத்துக்கொண்டால்?

சட்டத்தை மீறித் தப்புவது ஒரு வழி. சட்டத்தைத் தன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக்கொள்வது மற்றொரு வழி. 2019 செப்டம்பர் 20-ம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22-க்கு இறக்கினார். புதுத் தொழிற்சாலைக்கு 15. பார்லிமெண்டு கூடவில்லை, அவசரச் சட்டம். ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி நஷ்டம் என்று சர்க்காரே சொன்னது. பம்பாய்ப் பங்கு மார்க்கெட் அன்று ஒரே நாளில் 1,900 புள்ளிக்கு மேல் துள்ளியது.

அந்த வருஷத்து முடிவைப் பாருங்கள். முந்தைய வருஷம் 6 லட்சத்து 63 ஆயிரம் கோடி வந்த கம்பெனி வரி, 5 லட்சத்து 57 ஆயிரம் கோடியாக இறங்கியது. பட்ஜெட்டில் எழுதியிருந்த துண்டு 7 லட்சத்து 3 ஆயிரம் கோடி. விழுந்தது 9 லட்சத்து 33 ஆயிரம் கோடி. வேறு காரணங்களும் உண்டு, வியாபாரம் மந்தமாகத்தான் இருந்தது. ஆனால் கொரோனா தலையில் போட முடியாது. ஊரடங்கு வந்தது அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில். 2023-24-ல் தனி ஆட்களின் வருமான வரி 10 லட்சத்து 45 ஆயிரம் கோடி, கம்பெனிகள் கட்டியது 9 லட்சத்து 11 ஆயிரம் கோடி. டாட்டாவும் அம்பானியும் அதானியும் அத்தனை கம்பெனிகளும் சேர்ந்து கட்டியதைவிடத் தனி ஆட்கள் கட்டியது அதிகம்.

துண்டு விழுந்தால் பாரம் யார் தலையில்? ஒரு பகுதி கடைத் தெருவில் இறங்குகிறது. 2022 ஜூலை 18 முதல் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். 25 கிலோ வரையுள்ள பைக்கு வரி, அதற்கு மேல் பெரிய மூட்டைக்கு இல்லை! மூட்டையாக வாங்க முடிந்தவன் தப்பினான், ஐந்து கிலோ பை வாங்குகிறவள் கட்டினாள். இன்னொரு பகுதி செலவு வெட்டாக இறங்குகிறது. நூறு நாள் வேலைக்கு 2022-23-ல் திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. 2023-24 பட்ஜெட்டில் 60,000 கோடி என்று எழுதினார்கள். போதாமல் பின்னால் கூட்டினார்கள் என்பது வேறு விஷயம். கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்த 1 லட்சத்து 45 ஆயிரம் கோடியில் அந்த அறுபதாயிரம் இரண்டு தடவை அடங்கி, மேலும் 25 ஆயிரம் கோடி மிஞ்சும். மீதிப் பகுதி கடனாக இறங்குகிறது. அதன் வட்டியைத்தான் முதலிலேயே சொன்னேன்.

துண்டு விழுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வாய்க்கால் வெட்டவும் மின்சாரம் எடுக்கவும் கடன் வாங்கினால் அது விளைந்து திருப்பித் தரும். 2003-ல் சட்டம் போட்டு, துண்டு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சத்தியம் செய்தார்களே, அந்தச் சத்தியம் நினைவுக்கு வருவது ரேஷனையும் கூலியையும் வெட்டும்போதுதான். கம்பெனி வரியை வெட்டும்போது யாருக்கும் நினைவு வரவில்லை.

"உங்கள் பிராவிடண்டு பண்டும் சர்க்கார் கடன் பத்திரத்தில்தானே இருக்கிறது? வட்டி உங்களுக்கும்தானே?" என்று ஒரு மில் ஆபீஸ்காரர் என்னை மடக்கினார். இருக்கிறது. நம் கூலியில் பிடித்த பணத்தையும் கடன் கொடுத்திருக்கிறோம். ஆனால் நம் பணம் ஒன்றும் மறைத்த பணமல்ல. அதன் வட்டியை வாங்கும் அதே கையால் அரிசிக்கும் எண்ணெய்க்கும் வரி கட்டி அந்த வட்டிக்கும் பணம் கொடுக்கிறோம். இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுகிறவனையும், அடுத்தவன் பையில் கைவிடுகிறவனையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது.

சொத்து வரியையும் வாரிசு வரியையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். 2019-ல் வெட்டிய கம்பெனி வரியைப் பழையபடி ஏற்ற வேண்டும். வருமானம், சொத்து, தானம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்கும் பழைய யோசனையைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரும் பாங்குக் கணக்கும் இல்லாத 1957-ல் அது கஷ்டமாக இருந்திருக்கலாம். கூலிக்காரப் பெண்ணின் கைரேகையை ரேஷன் கடையில் மாதாமாதம் எடுத்துச் சரிபார்க்க முடிகிற சர்க்காருக்குக் கோடீஸ்வரனின் சொத்தைச் சரிபார்ப்பது கஷ்டமாகாது.

அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தேன். துண்டு யார் தோளிலிருந்து விழுந்தது என்று இவ்வளவையும் சொன்னேன். புதுக்கோட்டைக் கதையை ரசித்துக் கேட்டார். பிறகு, "வட்டி மட்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?" என்றார். 12 லட்சத்து 76 ஆயிரம் கோடியை 365-ஆல் வகுத்து, ஏறக்குறைய 3,500 கோடி என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"ஞாயித்துக்கிழமையும் உண்டா?"

உண்டு என்றேன்.